காம்பாக்ட் கேமராவுக்கு வெளி ஸ்ட்ரோப்: நீருக்கடியில் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

ஸ்ட்ரோப் என்பது கேமராவுக்கு வெளியே தனியாகப் பொருத்தும் நீர்புகா ஃப்ளாஷ். அதை வாங்கினால் படம் பிரகாசமாக வரும் என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். பிரகாசம் வரும், சந்தேகமில்லை. ஆனால் கிடைக்கிற பெரிய லாபம் வேறு. வெளிச்சத்தை லென்ஸின் பக்கத்திலிருந்து விலக்கி, நமக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய கோணத்தில் வைக்க முடிகிறது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது, எந்த எண்ணை எங்கே திருப்புவது என்பதெல்லாம் தானாகவே பிடிபடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீரில் அசையாமல் மிதக்க உங்களுக்கு இன்னும் வரவில்லை என்றால், ஸ்ட்ரோப் வாங்கும் பணத்தை மிதவைக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்குச் செலவழியுங்கள். கையில் கேமராவும், ஸ்ட்ரோப்பைத் தாங்கும் நீட்டிய ஆர்முமாகத் தடுமாறுகிறவர் தன்னையும் கெடுத்துக்கொள்வார், பவளத்தையும் உடைப்பார்.

நிறம் எங்கே போகிறது

சூரிய வெளிச்சம் நீருக்குள் இறங்கும்போது முதலில் தொலைவது சிவப்பு. தெளிந்த கடலில்கூட முதல் 5 மீட்டருக்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். அடுத்தது ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். 15 மீட்டர் ஆழத்தில் ரத்தச் சிவப்பான மீன் மங்கிய பழுப்பாகத் தெரிவது இதனால்தான்.

ஆழத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. பக்கவாட்டில் இருக்கும் நீரும் அதே வேலையைத்தான் செய்கிறது. 3 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனை 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், வெளிச்சம் உங்கள் லென்ஸை அடைவதற்குள் மொத்தம் 6 மீட்டர் நீரைக் கடந்திருக்கும். ஸ்ட்ரோப்புக்கும் இதே கணக்குதான். வெளிச்சம் பொருளுக்குப் போக வேண்டும், அங்கிருந்து திரும்பி லென்ஸுக்கு வர வேண்டும். அரை மீட்டரில் இருக்கும் பொருளுக்கு ஒரு மீட்டர் நீர், ஒரு மீட்டரில் இருப்பதற்கு இரண்டு மீட்டர். கூடவே, தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்ட்ரோப்பாக இருந்தாலும் ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு அப்பால் அது நல்ல நிறம் தராது. கிட்டே போவதற்கு மாற்று எதுவும் கிடையாது.

1926இல் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் ஃபுளோரிடாவை ஒட்டிய டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் கடலுக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோது, மேலே ஒரு தெப்பத்தில் மெக்னீசியத் தூளை வைத்துக் கொளுத்தித்தான் வெளிச்சம் உண்டாக்கினார்கள். கையடக்க ஸ்ட்ரோப்பை நாலு பேட்டரி போட்டு ஓட்டுகிற நாம் அலுத்துக்கொள்ள எதுவுமில்லை.

கேமராவின் சொந்த ஃப்ளாஷ் ஏன் உதவாது

காம்பாக்ட் கேமராவில் ஃப்ளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. நீரில் எப்போதும் மிதக்கிற மணல் துகள், பாசி, நுண்ணுயிர் எல்லாவற்றின்மேலும் அந்த வெளிச்சம் நேராகப் பட்டு, அப்படியே லென்ஸுக்குத் திரும்பிவிடுகிறது. பனிமூட்டத்தில் ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டு ஓட்டினால் எதிரே வெள்ளைத் திரைதானே தெரியும், அதேதான். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் விழும். இதைத்தான் பேக்ஸ்கேட்டர் என்கிறார்கள். அது போதாதென்று, கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டியான ஹவுசிங்கின் லென்ஸ் போர்ட் (லென்ஸை மூடியிருக்கும் முன்பகுதி) முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதால் அதன் நிழல் படத்தின் ஒரு மூலையில் கறுப்பாக விழும். போர்ட்டின்மேல் வெளியிலிருந்து மாட்டும் கூடுதல் லென்ஸான வெட் லென்ஸை மாட்டிவிட்டால் நிழல் இன்னும் மோசம்.

அதனால் அந்தக் குட்டி ஃப்ளாஷை நாம் படம் எடுக்கப் பயன்படுத்தப் போவதில்லை. ஸ்ட்ரோப்புக்கு ‘இப்போது எரி’ என்று சொல்ல மட்டும் அது போதும்.

கேமரா ஸ்ட்ரோப்பை எப்படி எரிய வைக்கிறது

பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்களில் வெளி ஃப்ளாஷை மின்கம்பி வழியாக இணைக்கும் வசதி இல்லை. அதற்குத்தான் ஃபைபர் ஆப்டிக் கேபிள். அதன் ஒரு முனை ஹவுசிங்கில், கேமரா ஃப்ளாஷுக்கு நேராக இருக்கும் துளையில் செருகப்படுகிறது. மறுமுனை ஸ்ட்ரோப்பின் சென்சாரில். கேமரா ஃப்ளாஷ் மின்னியதும் அந்த வெளிச்சம் கேபிள் வழியாகப் போய் ஸ்ட்ரோப்பை எரிய வைக்கிறது. மின்சாரம் எதுவும் கடக்காததால் நீர் புகுந்து கெடுவதற்கு இதில் ஒன்றுமில்லை. டைவின் நடுவில் கேபிள் கழன்றாலும் அங்கேயே மறுபடி செருகிவிடலாம்.

இதில் புதியவர்களைக் குழப்புவது ஒரே ஒரு விஷயம்: ப்ரீ-ஃப்ளாஷ். காம்பாக்ட் கேமராவின் ஃப்ளாஷ் தானியங்கி முறையில் இருக்கும்போது முதலில் ஒரு சின்ன மின்னலை அனுப்பி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று அளந்துகொள்கிறது. அதற்கப்புறம்தான் படத்துக்கான உண்மையான மின்னல். இரண்டும் அவ்வளவு வேகத்தில் நடப்பதால் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஸ்ட்ரோப் தவறான மோடில் இருந்தால் முதல் மின்னலுக்கே எரிந்து தீர்ந்துவிடும். ஸ்ட்ரோப் எரிந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள், ஆனால் படம் இருட்டாக இருக்கும். ‘புது ஸ்ட்ரோப் பழுது’ என்று திருப்பி அனுப்பப்படுவதில் பல கேஸ்கள் இதுதான்.

எனவே உங்கள் கேமராவைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: அதன் உள் ஃப்ளாஷை மேனுவலில் வைக்க முடியுமா? கேனன் ஜி7எக்ஸ் வரிசையில் முடியும். ஃப்ளாஷின் பலத்தை மூன்று நிலைகளில் நாமே தேர்ந்தெடுக்கலாம். அப்படி வைத்தால் ப்ரீ-ஃப்ளாஷ் வராது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் அந்த வசதி இல்லை, ப்ரீ-ஃப்ளாஷ் வந்தே தீரும். இரண்டு வகைக்கும் ஏற்றபடி ஸ்ட்ரோப்பில் சுவிட்ச் இருக்கும், ஒன்று ப்ரீ-ஃப்ளாஷைப் பொருட்படுத்தாமல் விடும் மோட், மற்றது முதல் மின்னலுக்கே எரியும் மோட். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி குறியீடு மாறும்.

உள் ஃப்ளாஷை மேனுவலில் வைக்க முடிந்தால் ஆகக் குறைந்த பலத்தில் வையுங்கள். ஸ்ட்ரோப்பை எரிய வைக்க அந்தச் சிறு வெளிச்சம் போதும். கேமரா பேட்டரி நிறைய நேரம் வரும், அடுத்த படத்துக்குக் காத்திருக்கும் நேரமும் குறையும்.

டிடிஎல்லா, மேனுவலா?

டிடிஎல் (‘லென்ஸ் வழியாக’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) முறையில் கேமராவே வெளிச்சத்தை அளந்து முடிவு செய்கிறது. இனான் கம்பெனி எஸ்-டிடிஎல் என்றும், சீ அண்ட் சீ கம்பெனி டிஎஸ்-டிடிஎல் என்றும் சொல்வது இதன் ஒளிவழி வடிவத்தைத்தான். கேமரா ஃப்ளாஷ் எரியத் தொடங்கியதும் ஸ்ட்ரோப்பும் எரியும், அது நின்றதும் இதுவும் நிற்கும். படச்சட்டத்தை நிறைக்கும் சிறிய பொருள்களுக்கு, அதாவது மேக்ரோவுக்கு, இது நன்றாகவே வேலை செய்யும். பின்னால் விரிந்த நீலக் கடலும் முன்னால் ஒரு விசிறிப் பவளமும் என்றால் ஏமாந்துவிடும். சட்டத்தின் பெரும்பகுதி காலியான நீராக இருப்பதால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, முன்னால் இருப்பதை வெளுக்க வைத்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், முதல் நாளிலிருந்தே மேனுவல். நீருக்கடியில் நாம் படம் எடுக்கும் தூரங்கள் மொத்தமே சில அங்குலத்திலிருந்து ஒரு மீட்டருக்குள். அதற்குள் எந்தத் தூரத்துக்கு எந்த பலம் என்பது சீக்கிரமே கைக்குப் பழகிவிடும். டிடிஎல்லில் படம் கெட்டால் ஏன் கெட்டது என்று தெரியாது. மேனுவலில் தெரியும்.

என்ன வாங்க வேண்டும்

ஒரு ஸ்ட்ரோப் போதும். ஹவுசிங்கைப் பொருத்த ஒரு ட்ரே, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, இரண்டு துண்டுகளாக மடங்கும் ஆர்ம், அவற்றை இணைக்கும் கிளாம்ப்கள், ஒரு ஃபைபர் கேபிள். ஆர்ம்களின் முனையில் இருக்கும் உருண்டை பெரும்பாலும் ஒரு அங்குல அளவுதான், வேறு வேறு கம்பெனிப் பொருள்களும் சேரும். வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்கும் பிளாஸ்டிக் ஆர்ம்களும் உண்டு. மலிவு, எடையும் குறைவு. ஆனால் கனமான ஸ்ட்ரோப்பை நீருக்கு வெளியே தாங்காது, தொங்கிவிடும்.

ஸ்ட்ரோப்பில் கவனிக்க வேண்டியவை: பலத்தைப் படிப்படியாக மாற்றும் மேனுவல் திருகு இருக்க வேண்டும். டிடிஎல் மட்டுமே தரும் மலிவு மாடல்களைத் தவிர்த்துவிடுங்கள். வெளிச்சம் விரியும் கோணம் 100 டிகிரி அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. ஒரு முழு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள், மீன் உங்களுக்காகக் காத்திருக்காது. ஃபோகஸ் செய்ய உதவும் சின்ன லைட் ஸ்ட்ரோப்பிலேயே இருந்தால் வசதி. ஹவுசிங் கேமராவின் ஃபோகஸ் விளக்கைப் பெரும்பாலும் மறைத்துவிடும் என்பதால் ஆழத்தில் காம்பாக்ட்கள் ஃபோகஸ் பிடிக்கத் திணறும்.

‘வீடியோ லைட் ஒன்று வாங்கிவிட்டால் இரண்டுக்கும் ஆகுமே’ என்பார்கள். வீடியோதான் முக்கியம் என்றால் ஆகட்டும். நிழற்படத்துக்கு அது ஸ்ட்ரோப்புக்கு ஈடாகாது. ஸ்ட்ரோப் மிகச் சிறிய கணத்தில் கொட்டும் வெளிச்சத்தைத் தொடர்ந்து எரியும் விளக்கு தருவதில்லை. அசைகிற மீனை உறைய வைப்பதும் அந்தக் கணநேர மின்னல்தான்.

ஹவுசிங் வாங்கும் முன் ஃபைபர் கேபிள் செருகும் துளை அதில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில மலிவான ஹவுசிங்குகளில் வெளிச்சத்தைப் பரப்பும் டிஃப்யூசர் மட்டும் இருக்கும், தனியாக அடாப்டர் ஒட்ட வேண்டி வரும். எப்படியிருந்தாலும் கேமரா ஃப்ளாஷின் வெளிச்சம் கேபிளைத் தவிர வேறு வழியாக நீருக்குள் கசியக் கூடாது. மறைப்புத் தகடு வராவிட்டால், கேபிள் துளையைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினாலே வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் விட்டால், ஸ்ட்ரோப்பைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி வைத்தாலும் பேக்ஸ்கேட்டர் போகாது.

தரையில் ஒத்திகை

கடலுக்குப் போகும் முன் வீட்டில் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். நீருக்கடியில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்பது தரையில் தீர்ப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்; காற்றும் செலவாகும்.

1. கேமராவில் ஃப்ளாஷை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து, எப்போதும் எரியும் நிலையில் வையுங்கள். ஆட்டோவில் இருந்தால் வெளிச்சமான ஆழமற்ற நீரில் கேமரா ஃப்ளாஷ் தேவையில்லை என்று முடிவு செய்துவிடும், ஸ்ட்ரோப்பும் எரியாது.

2. பாப்-அப் ஃப்ளாஷ் உள்ள கேமராவா? சில ஹவுசிங்குகளில் மூடுவதற்கு முன்பே ஃப்ளாஷை உயர்த்தி வைக்க வேண்டும். மூடிய பிறகு வெளியிலிருந்து உயர்த்த முடியாது.

3. ஸ்ட்ரோப்பில் சரியான மோடைத் தேர்ந்தெடுத்து, ஒரு கண்ணாடியின் முன் நின்று கண்ணாடியைப் படம் எடுங்கள். படத்தில் ஸ்ட்ரோப்பின் முகம் வெள்ளையாக எரிந்து தெரிந்தால் நேரம் சரியாக ஒத்துப்போகிறது. ஸ்ட்ரோப் எரிந்தும் படத்தில் அணைந்தே தெரிந்தால் ப்ரீ-ஃப்ளாஷ் மோட் தவறு. மாற்றிவிட்டு மறுபடி எடுங்கள்.

4. மங்கலான அறையில் அரை மீட்டர் தள்ளி ஒரு பொருளை வைத்து, ஸ்ட்ரோப்பின் பலத்தை ஒவ்வொரு படியாக மாற்றி எடுத்துப் பாருங்கள். அப்புறம் ஸ்ட்ரோப்பைப் பக்கவாட்டில், மேலே, பின்னே என்று நகர்த்தி நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காற்றில் தெரியும் பிரகாசம் நீரில் கிடைக்காது, அந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். நிழலின் போக்கு மட்டும் பழகட்டும்.

ஒரு எச்சரிக்கை: நீருக்கு வெளியே முழு பலத்தில் தொடர்ந்து எரிய விடாதீர்கள். ஸ்ட்ரோப்பைச் சுற்றியிருக்கும் நீர்தான் அதைக் குளிர்விக்கிறது. காற்றில் சூடேறிக் கெட்டுப்போகலாம்.

தொடங்க ஒரு செட்டிங்

கேமராவை எம் (மேனுவல்) மோடுக்கு மாற்றுங்கள். மேக்ரோவுக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8, ஷட்டர் 1/250 வினாடி, ஸ்ட்ரோப் அரை பலம். வைடுக்கு, அதாவது அகலமான காட்சிகளுக்கு, ஐஎஸ்ஓ 200, எஃப்/5.6, ஷட்டர் 1/125, ஸ்ட்ரோப் அரையிலிருந்து முழு பலம் வரை. இவை தொடக்கப் புள்ளிகள்தான். நீரின் தெளிவு, ஆழம், உங்கள் ஸ்ட்ரோப்பின் திறன் எல்லாம் சேர்ந்து இவற்றை மாற்றும்.

எதை மாற்றினால் எது மாறும் என்பதே முக்கியம். ஒரே படத்தில் இரண்டு வெளிச்சங்கள் சேர்கின்றன. பின்னால் இருக்கும் நீர் சூரியனால் ஒளிர்கிறது. முன்னால் இருக்கும் பொருள் ஸ்ட்ரோப்பால். ஸ்ட்ரோப் ஒரு கணம் மட்டும் எரிவதால் ஷட்டர் வேகம் அதைப் பெரும்பாலும் தொடாது. சூரிய வெளிச்சத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். எனவே பின்னணி நீலம் வெளுத்திருந்தால் ஷட்டரை வேகமாக்குங்கள், கறுத்திருந்தால் மெதுவாக்குங்கள். முன்னால் இருக்கும் மீன் வெளுத்திருந்தால் ஸ்ட்ரோப்பின் பலத்தைக் குறையுங்கள், அல்லது ஸ்ட்ரோப்பைக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். அப்பெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே மாற்றும், அதனால் அவற்றைக் கடைசியாகத் தொடுங்கள்.

இங்கேதான் காம்பாக்ட் கேமரா பெரிய கேமராக்களை மிஞ்சுகிறது. டிஎஸ்எல்ஆர் போன்றவற்றில் ஃப்ளாஷோடு 1/200, 1/250 வினாடிக்கு மேல் ஷட்டரை வேகமாக்குவது சிரமம். பல காம்பாக்ட்களில் லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் 1/1000, சிலவற்றில் 1/2000 வரைகூட ஃப்ளாஷ் ஒத்துழைக்கும். சூரியனைப் பின்னணியில் வைத்து எடுக்கும்போது அந்த வட்டம் வெள்ளைத் திட்டாகச் சிதறாமல் கதிர்களோடு நிற்க வேண்டுமென்றால் இந்த வேகம்தான் வேண்டும். நடுப்பகலில், ஆழமற்ற இடத்தில்கூடப் பின்னணியைக் கறுப்பாக்கி ஒரு சின்ன நத்தையைத் தனியாக எடுத்துக்காட்டவும் முடியும். ஒரே ஒரு குறை: முழு பலத்தில் ஸ்ட்ரோப்பின் மின்னல் கொஞ்சம் நீளமாக எரியும், மிக வேகமான ஷட்டரில் அதன் வால் பகுதி வீணாகும். அந்த வேகங்களில் பொருளுக்கு இன்னும் கிட்டே போய் பலத்தைக் குறைத்து எடுங்கள்.

ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) விஷயத்தில் ஒரு பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டும். கேமராவின் ‘நீருக்கடி’ மோடும், ஆழத்தில் வெள்ளைப் பலகையைக் காட்டிச் செய்யும் சரிக்கட்டலும், சிவப்பு ஃபில்டரும் ஸ்ட்ரோப் இல்லாதவர்களுக்கானவை. அவை இல்லாத சிவப்பைச் சேர்க்கின்றன. ஸ்ட்ரோப் ஏற்கெனவே முழு நிறத்தைக் கொண்டுவருவதால் முன்னால் இருப்பதெல்லாம் செக்கச்செவேலென்று ஆகிவிடும். ‘ஃப்ளாஷ்’ அல்லது ‘டேலைட்’ வைத்துவிட்டு ரா கோப்பாக (கேமரா மாற்றியமைக்காத மூலக் கோப்பாக) எடுங்கள்.

மேக்ரோ செட்டிங்கில் திரை இருட்டாகத் தெரிந்தால் பதறாதீர்கள். ஸ்ட்ரோப் எரியப் போவது கேமராவுக்குத் தெரியாது, இருக்கிற வெளிச்சத்தை வைத்துக் காட்டுகிறது. எக்ஸ்போஷரை முன்கூட்டியே காட்டும் அந்த வசதியை மெனுவில் அணைத்துவிட்டால் திரை எப்போதும் வெளிச்சமாக இருக்கும். படம் சரியா என்று திரையின் பிரகாசத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இருட்டான நீரில் எந்தப் படமும் திரையில் அழகாகவே தெரியும்.

ஸ்ட்ரோப்பை எங்கே வைப்பது

லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கும் நீரின்மேல் வெளிச்சம் படக் கூடாது, பொருளின்மேல் மட்டும் பட வேண்டும். ஸ்ட்ரோப்பின் வெளிச்சம் கூம்பு வடிவத்தில் விரிகிறது. அந்தக் கூம்பின் நடுப்பகுதியை நேரே பொருளுக்குக் குறிவைத்தால் இடையில் இருக்கும் துகள்களும் ஒளிரும். ஸ்ட்ரோப்பைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி, கூம்பின் ஓரம் மட்டும் பொருளைத் தொடும்படி வைத்தால் இடையிலுள்ள நீர் இருட்டாகவே இருக்கும்.

இதில் கண் செய்யும் ஒரு ஏமாற்றும் உண்டு. நீரில் ஒளி விலகுவதால் எந்தப் பொருளும் அதன் உண்மைத் தூரத்தில் முக்கால் பங்கு தூரத்தில் இருப்பதாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் குறிவைத்தால் ஸ்ட்ரோப் பொருளுக்கு முன்னால் இருக்கும் வெற்று நீரைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். பொருளுக்குப் பின்னால் இருக்கும் இடத்தைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு வையுங்கள், சரியாக வரும்.

வைட் படங்களுக்கு ஆர்மைப் பக்கவாட்டில் நன்றாக நீட்டி, ஸ்ட்ரோப்பின் முகம் லென்ஸ் போர்ட்டைத் தாண்டி முன்னால் வராதபடி, முடிந்தால் கைப்பிடியின் வரிசைக்கே பின்னால் இழுத்து வையுங்கள். முன்னால் வந்தால் வெளிச்சம் நேராக லென்ஸில் பட்டு ஓரத்தில் திட்டு விழும். ஒரு ஸ்ட்ரோப் அகலமான காட்சி முழுவதையும் நிரப்பாது. நிரப்ப முயலவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு சிறு பவளத்தையோ கடல்வெள்ளரியையோ வைத்து, அதன்மேல் மட்டும் ஸ்ட்ரோப் படட்டும், பின்னால் நீலம் தானாக இருக்கட்டும். கேமராவைக் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தால் பின்னணியில் கடல்தளத்துக்குப் பதில் நீலம் கிடைக்கும். இந்த ஒரு பழக்கம் விலையுயர்ந்த லென்ஸைவிடப் படத்தை மாற்றும்.

மேக்ரோவில் கதை வேறு. பொருள் கிட்டே இருப்பதால் இடையில் துகள்களுக்கு இடமில்லை, பேக்ஸ்கேட்டர் தலைவலி குறைவு. ஒற்றை ஸ்ட்ரோப்பைப் போர்ட்டுக்கு மேலே, சற்று இடப்பக்கமாக, கடிகாரத்தில் 11 மணி இருக்கும் இடத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாயுங்கள். மேலிருந்து வரும் வெளிச்சம் நமக்குப் பழகியது, நிழல் கீழே விழும், இயல்பாகத் தெரியும். ஒரு பொந்துக்குள் இருக்கும் விலாங்கை எடுக்கும்போது மட்டும் இந்த இடம் உதவாது. பொந்தின் மேல்விளிம்பு வெளிச்சத்தை மறித்துவிடும், ஸ்ட்ரோப்பை லென்ஸுக்கு இயன்றவரை பக்கத்தில் கொண்டுவர வேண்டியதுதான்.

காம்பாக்ட்களுக்கே உரிய ஒரு சங்கடம் மேக்ரோவில் இருக்கிறது. பலவற்றில் மேக்ரோ மோட், ஜூம் செய்யாத அகலக் கோணத்தில்தான் மிகக் கிட்டே ஃபோகஸ் பிடிக்கும். அப்படி எடுத்தால் போர்ட் கிட்டத்தட்டப் பொருளை முட்டிக்கொண்டு நிற்கும். வெளிச்சம் நுழைய இடமிருக்காது, போர்ட்டின் நிழலே பொருள்மேல் விழும். ஒலிம்பஸ் டிஜி வரிசையில் ஒரு சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம் என்பது கேட்க நன்றாக இருந்தாலும், அந்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்குள் வெளிச்சத்தை எங்கிருந்து விடுவது? ஜூமை முழுக்க நீட்டி, போர்ட்டின்மேல் ஒரு மேக்ரோ வெட் லென்ஸ் மாட்டிவிட்டால் பொருளிலிருந்து சில அங்குலம் தள்ளி நிற்கலாம். ஸ்ட்ரோப்பும் வேலை செய்யும், இறாலும் பயந்து ஓடாது.

ஸ்ட்ரோப்போடு வந்த டிஃப்யூசரை மாட்டியே வைத்திருங்கள். கொஞ்சம் பலம் குறையும், ஆனால் வெளிச்சம் பரவலாகி நிழல் மென்மையாகும்.

ஓ-ரிங்

ஸ்ட்ரோப்பின் பேட்டரி மூடியிலும் ஹவுசிங்கிலும் இருக்கும் ரப்பர் வளையம்தான் கடலுக்கும் உங்கள் பணத்துக்கும் நடுவே நிற்கிறது. உலோகம் எதையும் பயன்படுத்தாமல் வெளியே எடுங்கள், விரல்களால் தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் போதும் நீர் புக. அது உட்காரும் பள்ளத்தையும் பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். கிரீஸை வளையம் லேசாகப் பளபளக்கும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். வளையம் முறுக்காமல் வழுக்கி உட்கார உதவுவதுதான் அதன் வேலை, நீரைத் தடுப்பதல்ல. அந்தக் கம்பெனி தரும் கிரீஸையே பூசுங்கள், பொருந்தாத கிரீஸ் சில ரப்பர்களை உப்ப வைத்துவிடும். இதையெல்லாம் படகின் ஆட்டத்தில், ஈரக் கையோடு செய்யாமல் முந்தைய இரவே செய்து முடியுங்கள்.

பெரும்பாலான ஸ்ட்ரோப்கள் ஏஏ அளவிலான ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளில் நன்றாக ஓடும். ஒன்றாக வாங்கி, ஒன்றாகச் சார்ஜ் செய்த ஒரே செட்டையே போடுங்கள். ஒன்றைத் தலைகீழாகப் போட்டு மூடிவிட்டால் சூடேறி வாயு கசியும், அடைத்த மூடிக்குள் அது ஆபத்து.

நீருக்குள்

கேமராவோடு குதிக்காதீர்கள். நீங்கள் இறங்கிய பிறகு படகிலிருந்து யாராவது கொடுக்கட்டும். ஆர்ம்களை மடித்து, லேன்யார்டை (கேமராவைக் கட்டும் கயிற்றை) மணிக்கட்டிலோ, மிதவைச் சட்டையான பிசிடியிலோ மாட்டிக்கொண்டு இறங்குங்கள். ஒரு மீட்டரில் நின்று ஹவுசிங்கையும் ஸ்ட்ரோப்பையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மூடியின் ஓரத்திலிருந்து தொடர்ந்து குமிழி வந்தால் உடனே மேலே ஏறுங்கள்.

முதல் டைவில் ஆழம் வேண்டாம், அரிய உயிரினமும் வேண்டாம். நகராத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள், மணல் நடுவே இருக்கும் ஒரு கல்லோ கடற்பஞ்சோ போதும். முதலில் ஸ்ட்ரோப்பை அணைத்துவிட்டு, பின்னணி நீலம் பிடித்த அளவுக்கு வரும்வரை ஷட்டரை மாற்றி எடுங்கள். அப்புறம் ஸ்ட்ரோப்பை எரிய விட்டு, முன்னால் இருப்பது சரியாக வரும்வரை பலத்தை மட்டும் திருகுங்கள். அதற்கும் அப்புறம், எதையும் மாற்றாமல் ஸ்ட்ரோப்பின் இடத்தை மட்டும் நகர்த்தி ஒரு வரிசை எடுங்கள். மேலே வந்து பெரிய திரையில் வரிசையாகப் பார்த்தால், எந்த இடத்தில் புள்ளிகள் மறைகின்றன என்று கண்ணுக்கு முன் தெரியும்.

மீன்களிடம் வரும்போது கொஞ்சம் நாகரிகம் தேவை. ஒரே கடல்குதிரையின் முகத்தில் விடாமல் மின்னிக்கொண்டிருப்பது, நல்ல கோணத்துக்காக உயிரினத்தைத் தட்டி நகர்த்துவது, பவளத்தில் முழங்கை ஊன்றுவது எதையும் நல்ல படம் நியாயப்படுத்தாது. சில இடங்களில் சில உயிரினங்களை ஃப்ளாஷ் போட்டு எடுக்கவே கூடாது என்ற விதி உண்டு. இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எரியவில்லை என்றால்

முதலில் கேமராவைச் சந்தேகப்படுங்கள். தொடர்ச்சியாக எடுக்கும் பர்ஸ்ட் மோட், சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர், சில சீன் மோட்கள் ஆகியவற்றில் கேமரா ஃப்ளாஷையே அணைத்துவிடும். பேட்டரி இறங்கும்போதும் பல கேமராக்கள் முதலில் விட்டுக்கொடுப்பது ஃப்ளாஷைத்தான். அது எரிகிறது என்றால் கேபிளின் இரண்டு முனைகளையும் அழுத்திப் பாருங்கள். ஆழமற்ற நீரில் வெயில் நேராக ஸ்ட்ரோப்பின் சென்சாரில் படும்போது குறைந்த பலத்தில் வரும் சிக்னலை அது கவனிக்காமல் போகலாம். உள் ஃப்ளாஷை ஒரு நிலை கூட்டுங்கள், அல்லது சென்சாரை நிழல் பக்கம் திருப்புங்கள். ஒரு படம் விட்டு ஒரு படம் இருட்டாக வந்தால் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள், ஸ்ட்ரோப் தயார் விளக்கு எரியும்வரை பொறுங்கள்.

மேலே வந்த பிறகு

எல்லாவற்றையும் மூடியபடியே நன்னீரில் ஊற வைத்து, பொத்தான்களையும் திருகுகளையும் நீருக்குள்ளேயே அழுத்தித் திருப்புங்கள். காய்ந்த உப்பு உள்ளே படிந்தால் அடுத்த முறை பொத்தான் சிக்கிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு பேட்டரி மூடியைக் கீழ்நோக்கிப் பிடித்துத் திறங்கள், ஓரத்தில் தங்கிய துளிகள் உள்ளே விழாது. ஸ்ட்ரோப்புக்குள் நீர் புகுந்ததாகச் சந்தேகம் வந்தால் மூடியை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் சேர்ந்திருக்கலாம். உடலைப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். நாள்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியை வெளியே எடுத்து வையுங்கள்.

இரண்டாவது ஸ்ட்ரோப் எப்போது வாங்கலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். வைட் படங்களில் ஒரு பக்கம் மட்டும் நிறமும் மறுபக்கம் நீலமுமாக வருவது உங்களைத் தொந்தரவு செய்யத் தொடங்கும்போது வாங்கலாம். மேக்ரோ மட்டும் எடுப்பவர்களுக்கு ஒன்றே பல வருடம் போதும். வாங்கும்போது முதல் ஸ்ட்ரோப்பின் அதே மாடலாகப் பாருங்கள். வேறு மாடலானால் வெளிச்சத்தின் நிறம் இடம் வலமாக மாறித் தெரியும், பலத் திருகின் படிகளும் ஒத்துப்போகாது. ஹவுசிங்கில் இரண்டு கேபிள் செருக இடமிருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.